மண்ணின் முனகலைக் கேட்க: மெட்டல் டிடெக்டருக்கு ஏற்ற மலிவு ஹெட்ஃபோன்

மெட்டல் டிடெக்டர் மண்ணுக்குள் கண்டதைப் பெரும்பாலும் ஒலியாகவே சொல்கிறது. அதன் அடிமுனையில் உள்ள வட்டச் சுருள், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. அங்கே நாணயமோ ஆணியோ கிடந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அந்த மின்னோட்டம் உண்டாக்கும் சிறிய காந்தப்புலம் சுருளை வந்தடையும். கருவி அதை ஒலியாக்கும். மேலாகக் கிடக்கும் இரும்புத் துண்டுக்குக் கருவி உரக்கக் கத்தும். ஆழத்தில் கிடக்கும் சிறு நாணயத்துக்கோ மெல்ல முனகும்.

ஸ்விட்சர்லாந்தின் மலைச்சரிவுகளில் அந்த முனகல் ஒலிபெருக்கியில் காதுக்கு எட்டுவது கடினம். காற்றின் இரைச்சலும் மாட்டுமணியின் ஓசையும் அதை விழுங்கிவிடும். அதனால்தான் ஹெட்ஃபோன் தேவைப்படுகிறது. ஒலிபெருக்கியைவிட அதற்குக் குறைந்த மின்சாரமே போதும் என்பதால் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

காதில் வைத்துக் கேட்பது இந்தக் கருவிக்குப் புதிதல்ல. 1881இல் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு தூண்டல் கருவியோடு தொலைபேசியின் கேட்பானை இணைத்துக் காதில் வைத்துக் கேட்டார். குண்டு அகப்படவில்லை, ஆனால் அந்த முறை நிலைத்துவிட்டது. 1941இல் போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி காட்டியும் ஹெட்ஃபோனை நம்பியே இயங்கியது.

விலை உயர்ந்தது தேவையா?

இசைக்கு வேண்டிய நுட்பம் இங்கே தேவையில்லை. டிடெக்டர் எழுப்புவது பெரும்பாலும் மனிதப் பேச்சின் அலைவெண் எல்லைக்குள் அடங்கும் எளிய ஒலி. ஆழ்ந்த பாஸும் மிக நுண்ணிய உச்சக் கீச்சும் அதில் கிடையாது. ஆகவே 20, 30 பிராங்குக்குக் கிடைக்கும் சாதாரண ஹெட்ஃபோனே இந்த வேலையைச் செய்துவிடும். வாங்கும்போது காது முழுவதையும் மூடும் மெத்தை, உறுதியான தலைப்பட்டை, திருகாணியால் திறக்கக்கூடிய மூடி ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும். மூடி ஒட்டப்பட்டிருந்தால் உள்ளே கைவைக்க முடியாது.

பின்னும் கம்பியும்

முதல் சிக்கல் பின். பல டிடெக்டர்களில் 6.35 மி.மீ. துளை இருக்கும், சாதாரண ஹெட்ஃபோனில் இருப்பது 3.5 மி.மீ. பின். இடையில் ஓர் அடாப்டர் செருகிவிடலாம். ஆனால் நீண்டு நிற்கும் அடாப்டர் புதரில் மாட்டினால் துளையையே உடைத்துவிடும். பழைய பின்னை வெட்டிவிட்டு, செங்கோணமாக வளைந்த 6.35 மி.மீ. பின்னைப் பற்றவைப்பதே நிலையான வழி.

இரண்டாவது சிக்கல் ஸ்டீரியோ. ஹெட்ஃபோன் பின்னில் நுனி இடது காதுக்கு, நடுவளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. பழைய டிடெக்டர்கள் பலவற்றில் இருப்பது மோனோ துளை. அதில் ஸ்டீரியோ பின்னைச் செருகினால் நடுவளையம் அடிப்பகுதியோடு இணைந்துவிடும். இடது காது மட்டும் கேட்கும், வலது காது ஊமையாகிவிடும். ஹெட்ஃபோன் பழுது என்று பலர் அதைத் தூக்கி எறிவது இதனால்தான்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. இடது, வலது கம்பிகள் இரண்டையும் முறுக்கி மோனோ பின்னின் நுனியிலும், பொதுக் கம்பியை அடிப்பகுதியிலும் பற்றவைப்பது ஒன்று. 32 ஓம் மின்தடை கொண்ட இரண்டு காதுப்பகுதிகள் இப்படிப் பக்க இணைப்பில் 16 ஓம் ஆகும். மற்றொன்று தொடர் இணைப்பு: இடது கம்பியை நுனியிலும் வலது கம்பியை அடிப்பகுதியிலும் வைத்து, பொதுக் கம்பியை எதிலும் படாமல் மூடிவிட வேண்டும். மொத்தம் 64 ஓம் ஆகும். டிடெக்டரிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் குறையும். ஆனால் இதில் ஒரு காதின் மென்தகடு முன்னே வரும்போது மற்றதன் தகடு பின்னே போகும். ஒலி தலையின் நடுவில் நிற்காமல் சிதறிக் கேட்கும். ஒரு காதின் மூடியைத் திறந்து, அங்குள்ள இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றினால் அது நேராகிவிடும்.

மலிவு ஹெட்ஃபோனின் கம்பியைச் சீவிப் பார்த்தால் சிவப்பு, பச்சை, செம்பு நிறங்களில் தலைமுடி போன்ற இழைகளும் நடுவே நூலும் தெரியும். அந்த நிறம் மின்சாரம் கடத்தாத அரக்குப் பூச்சு. அதை நீக்காமல் ஈயம் ஒட்டாது. சூடான சால்டரிங் முனையில் புதிய ஈயத்தை உருக்கி, அதில் இழையைச் சில வினாடி தோய்த்தால் பூச்சு எரிந்து, இழை வெள்ளியாய் மின்னும். பல ஹெட்ஃபோன்களில் சிவப்பு வலது, பச்சை இடது, செம்பு பொது. எல்லா நிறுவனங்களும் இதைப் பின்பற்றுவதில்லை என்பதால் மல்டிமீட்டரை வைத்து உறுதிசெய்வது நல்லது. பொதுக் கம்பிக்கும் ஒரு காதின் கம்பிக்கும் இடையே சுமார் 32 ஓம் காட்ட வேண்டும். அளவு பார்க்கும்போதே அந்தக் காதில் 'டிக்' என்று கேட்பதும் உண்டு.

காதைக் காக்கும் கட்டுப்பாடு

எளிய டிடெக்டர்கள் பலவற்றில் வால்யூம் திருகி கிடையாது. மெல்லிய ஒலிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் சுருள் ஒரு டப்பா மூடியின் மேல் போனால் ஒலி அறைந்தாற்போல் விழும். ஒவ்வொரு காதுக்கும் தொடராக 100 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்தால், 32 ஓம் காதில் விழும் மின்னழுத்தம் ஏறக்குறைய கால் பங்காகும். ஒலி சுமார் 12 டெசிபல் தணியும். கூட்டிக் குறைக்க வேண்டுமானால் கம்பியின் நடுவே சிறு வால்யூம் கன்ட்ரோல் வைக்கலாம். ஸ்விட்சர்லாந்தின் விபத்துக் காப்பீட்டு நிறுவனமான சுவா, 8 மணி நேர வேலைநாளுக்குச் சராசரியாக 85 டெசிபலை ஆபத்தின் எல்லையாக வைத்திருக்கிறது. பொழுதுபோக்குக்கும் அந்த எல்லை பொருந்தும்.

மலிவு ஹெட்ஃபோனில் முதலில் அறுவது கம்பிதான். சுருள்கம்பியாக மாற்றினால் குனிந்து தோண்டும்போது நீண்டு, நிமிர்ந்தால் சுருங்கிக்கொள்ளும். கம்பி ஹெட்ஃபோனின் காதுப்பகுதிக்குள் நுழையும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டால் இழுப்பு பற்றவைத்த இடத்தைத் தாக்காது. அந்த இடத்தின்மேல் சுருங்கு குழாயை ஏற்றிச் சூடுகாட்டினால் மழைநீரும் புகாது.

கம்பியே வேண்டாமென்று சாதாரண புளூடூத் ஹெட்ஃபோனுக்கு மாறுவது சரிவராது. அதில் ஒலி 0.2 வினாடி அளவுக்குத் தாமதமாவது வழக்கம். சுருளை வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசுகிறவர் ஒலியைக் கேட்கும்போது சுருள் நாணயத்தைத் தாண்டி 20 செ.மீ. போயிருக்கும். குழி தவறான இடத்தில் விழும்.

ஸ்விஸ் மண்ணில் கேட்கும்போது

மேய்ச்சல் நிலங்களைச் சுற்றியுள்ள மின்வேலி ஏறத்தாழ வினாடிக்கு ஒரு முறை மின்துடிப்பை அனுப்புகிறது. அருகில் போனால் ஹெட்ஃபோனிலும் அதே தாளத்தில் 'டக், டக்' என்று கேட்கும். கம்பி வேலை சரியில்லை என்று பயப்படத் தேவையில்லை. வேலியை விட்டு விலகினால் நின்றுவிடும்.

பழைய இராணுவப் பயிற்சி நிலங்களில் வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடைக்கின்றன. தொடாதே, அடையாளமிடு, தெரிவி என்பதே ஸ்விஸ் இராணுவம் சொல்லும் விதி. தெரிவிக்க வேண்டிய காவல்துறை எண் 117. இலங்கையின் வன்னியில் கண்ணிவெடி அகற்றியவர்களின் காதிலும் ஹெட்ஃபோன் இருந்ததைப் பார்த்தவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்தப் பணியில் கருவியும் ஹெட்ஃபோனும் ஒன்றாகச் சோதிக்கப்பட்டவை. வீட்டில் மாற்றியமைத்த ஹெட்ஃபோனுக்கு அங்கே இடமில்லை.

தொல்பொருள் தேடுவதற்கு ஸ்விட்சர்லாந்தில் அந்தந்த மாநிலத்தின், அதாவது கன்டோனின், அனுமதி வேண்டும். ஸ்விஸ் குடியியல் சட்டத்தின் 724ஆம் பிரிவுப்படி, அறிவியல் மதிப்புள்ள உரிமையாளரற்ற தொல்பொருள் அது கிடைத்த கன்டோனுக்கே சொந்தம். கண்டெடுத்தவருக்குத் தகுந்த ஈட்டுத்தொகை உண்டு.

சட்டம் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்பதற்கு 2021 செப்டம்பரில் பாசல்-லாண்ட் கன்டோனின் பூபென்டார்ஃப் ஊரருகே நடந்தது சான்று. வில்டன்ஸ்டைன் கோட்டைக்குப் பக்கத்துக் காட்டில் தன்னார்வலர் ஒருவரின் டிடெக்டர் ஒலித்தது. மண்ணை விலக்கியபோது சில ரோமானிய நாணயங்களும் பானை ஓடுகளும் தெரிந்தன. அவர் மேலும் தோண்டவில்லை. குழியை மூடிவிட்டு, கன்டோனின் தொல்லியல் துறைக்குத் தகவல் சொன்னார். துறையினர் பானையைச் சுற்றியிருந்த மண்ணோடு சேர்த்து அப்படியே பெயர்த்தெடுத்தார்கள். ட்யூபன்டார்ஃபில் உள்ள எம்பா ஆய்வு நிறுவனம் அதை சி.டி. ஸ்கேன் செய்தது. பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்து 1,290 நாணயங்கள் உள்ளே இருந்தன. அவற்றை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தது ஒரு தோல் துண்டு.

ஆர்வத்தில் பானையைக் கவிழ்த்திருந்தால் நாணயங்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். யாரோ அவற்றை இரண்டாகப் பிரித்துப் புதைத்தார் என்ற செய்தி மண்ணோடு போயிருக்கும். நல்ல ஹெட்ஃபோனைச் சில பத்து பிராங்குகளிலும் ஒரு மாலை வேலையிலும் யாரும் செய்துகொள்ளலாம். அதில் ஒலி கேட்டதும் எங்கே கையை நிறுத்த வேண்டும் என்பதையும் தேடுபவர் கற்றிருக்க வேண்டும்.