எட்டுத் தடங்களில் ஒரு கச்சேரி

கச்சேரி முடிந்து வெளியே வரும்போது, "பாட்டு பிரமாதம், மைக்தான் சொதப்பிவிட்டது" என்று ஒருவராவது சொல்லாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மைக் தனக்குக் கேட்டதை அப்படியே கேபிளில் அனுப்புவதோடு சரி. எதை எவ்வளவு கேட்கவிடுவது என்று தீர்மானிக்க வேண்டியவர் மிக்ஸர் பலகையின் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அரங்கில் அவருக்கு யோசிக்க அவகாசமே கிடையாது. ஒலிப்பதிவில் அந்தக் கஷ்டம் இல்லை. வீட்டுக் கணினியின் முன்னால் உட்கார்ந்து ஒரே நிரவலை நாற்பது தடவை ஓடவிட்டுப் பார்க்கலாம்.

இப்போதெல்லாம் நடுத்தர விலை டிஜிட்டல் மிக்ஸர்களே ஒவ்வொரு மைக்கையும் தனித்தனித் தடமாகக் கணினிக்கு அனுப்பிவிடுகின்றன. வெளிநாட்டு ஊர்களில் நம்மவர்கள் பள்ளிக்கூட அரங்கங்களில் நடத்தும் கச்சேரிகள் பலவும் இப்படிப் பதிவாகின்றன. பிறகு அந்தக் கோப்புகளை என்ன செய்வதென்று தெரியாமல் யாரோ ஒருவரின் ஹார்ட் டிஸ்க்கில் தூங்கவிடுகிறார்கள். அப்படித் தூங்கிய சிலவற்றைத் தட்டி எழுப்பும் வேலை, முதுகலையில் சிக்னல் பிராசஸிங் படித்த பாவத்துக்காக என் தலையில் விழுந்தது. அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கலவை என்பது கணினி யுகத்துச் சமாசாரம் அல்ல. 1902-ல் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது மைக்கே கிடையாது. பெரிய கூம்புக்குள் பாட வேண்டும். அந்த முறையில் யார் கூம்புக்குப் பக்கத்தில், யார் தள்ளி என்பதுதான் கலவை. 1925 வாக்கில் மின்முறைப் பதிவு வந்த பிறகும் வெகுகாலம் மைக்கிலிருந்து எத்தனை அடி என்பதே ஒலி அளவைத் தீர்மானித்தது. பீட்டில்ஸ் குழுவினர் 1967-ல் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' தொகுப்பை நான்கு தட நாடாக்களில் செய்தார்கள். நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவில் இறக்கி இடம் பிடிப்பார்கள். இறக்கிய பிறகு டிரம்ஸ் கொஞ்சம் குறைந்திருக்கலாமே என்று தோன்றினால் தோன்றியதுதான். இன்று இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியிலோ, கொஞ்சம் காசு கொடுத்து வாங்கும் ரீப்பரிலோ தடங்களுக்குப் பஞ்சமில்லை. எதையும் எப்போதும் மாற்றலாம். இதனால் முடிவெடுப்பது சுலபமாகிவிட்டதா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன்.

நம் உதாரணத்தில் எட்டுத் தடங்கள்: குரல், வயலின், மிருதங்கத்தின் வலந்தலை, தொப்பி, கடம், தம்பூராப் பெட்டி, அரங்கின் பின்பகுதியில் வைத்த இரண்டு மைக்குகள்.

முதலில் அளவு. டிஜிட்டல் ஒலியில் உச்சவரம்பு பூஜ்ய டெசிபல். அதற்கு மேல் எதுவும் பதிவாகாது. அலையின் தலை சீவப்பட்டுக் கரகரப்பாகக் கேட்கும். எல்லா அளவுகளையும் அந்தக் கூரையிலிருந்து கீழ்நோக்கி எண்ணுகிறோம். ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல் என்பது கணக்கு. குறுந்தகட்டின் 16 பிட்டுக்கு 96, இப்போது பதிவு செய்யும் 24 பிட்டுக்கு 144. எனவே பதிவில் உச்சம் 12 டெசிபல் கீழேயே நின்றாலும் இழப்பது இரண்டு பிட்தான், ஒன்றும் குடிமுழுகிவிடாது. நாடாக் காலத்து இரைச்சலுக்குப் பயந்து சிவப்பு விளக்கு வரை ஏற்றுவது பழைய பழக்கம். தனி ஆவர்த்தனத்தின் கடைசிக் கோர்வையில் மிருதங்க வித்வானுக்கு உற்சாகம் வரும் என்பதை முன்கூட்டியே நினைத்து இடம் விடுவது நல்லது.

அடுத்து, எல்லா ஃபேடர்களையும் கீழே இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எதை முதலில்? மேற்கத்திய பாப் பாட்டுக்குக் கலவை செய்பவர்களில் பலர் டிரம்ஸில் தொடங்கி, அதன்மேல் பேஸ் கிதார், பிறகு மற்றதெல்லாம் என்று கட்டுவார்கள். இணையத்தில் கிடைக்கும் பாடங்களும் அப்படித்தான் சொல்கின்றன. நம் சங்கீதத்துக்கு அது சரிப்படாது என்பது என் கட்சி. குரலையும் தம்பூராவையும் மட்டும் ஏற்றித் தொடங்குங்கள். பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் தம்பூரா காதில் பட வேண்டும். பாட ஆரம்பித்ததும் மறந்துபோக வேண்டும். இந்த அளவு ஒரு டெசிபல் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் இதற்கு எதிராக அளக்கக் கூடியதாகிவிடுகிறது.

அடுத்தது மிருதங்கம். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே வாத்தியத்துக்கு இரண்டு மைக் வைத்திருக்கிறோம். வலந்தலையில் தட்டினால் அந்தத் தோல் தன் மைக்கை விட்டு உள்நோக்கி விலகுகிறது. உள்ளே அடைபட்ட காற்று மறுபக்கத் தொப்பியை வெளியே, அதாவது அதன் மைக்கை நோக்கித் தள்ளுகிறது. ஒரு மைக்கில் அலை பள்ளம், மற்றதில் மேடு. இரண்டையும் கூட்டினால் அடி ஒலி கரைந்து மிருதங்கம் தகர டப்பா போலக் கேட்கலாம். தொப்பித் தடத்தின் துருவத்தைத் தலைகீழாக்க எல்லா மென்பொருளிலும் ஒரு பொத்தான் உண்டு. இரண்டு நிலைகளிலும் கேட்டு, கும்கி எதில் கனமாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பொத்தானை அமுக்கிப் பார்க்காமலேயே 'தொப்பி எடுபடவில்லை' என்று ஈக்குவலைசரைத் திருகி மாய்கிறவர்கள் அநேகம்.

இன்னொன்று. வலந்தலையின் நாதம் வெறும் தாளச் சத்தம் அல்ல. கரணை பூசிய தோலின் மேல்சுரங்கள், சாதாரணத் தோற்கருவியைப் போல இல்லாமல், தந்தி வாத்தியம் போலச் சுருதியோடு ஒழுங்கான விகிதத்தில் அமைகின்றன என்று சி.வி. ராமன் 1920-லேயே காட்டியிருக்கிறார். அதனால் மிருதங்கம் குரல் மைக்கில் கொஞ்சம் வழிந்து விழுந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. அதுவும் ஸட்ஜத்தைத்தானே சொல்கிறது.

வயலின் வழிவதுதான் சங்கடம். குரல் மைக்கிலும் வயலின் விழுகிறது, தன் மைக்கிலும் விழுகிறது. குரல் மைக் ஒரு மீட்டர் கூடுதல் தூரத்தில் இருந்தால் ஒலி அங்கே சுமார் 3 மில்லிவிநாடி தாமதமாகப் போய்ச் சேரும். தாமதித்த நகலை மூலத்தோடு கூட்டினால் 170 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம், அதன்பின் ஏறக்குறைய ஒவ்வொரு 340 ஹெர்ட்ஸுக்கும் ஒரு பள்ளம் என்று சீப்புப் பல் போல விழும். வயலின் மூக்கடைத்துப் பேசுவது போலக் கேட்பதற்கு இது ஒரு காரணம். நகல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்குப் பள்ளமும் ஆழம் குறையும். இதற்குக் கணினியில் முழு வைத்தியம் கிடையாது. பாடகர் மைக்குக்கு நெருங்கி உட்கார்வதும், வயலின் மைக்கைப் பக்கத்தில் வைப்பதும்தான் வைத்தியம். அது மேடையில் முடிந்துபோன விஷயம். ஆனால் பாடகர் ஓய்வெடுத்து வயலின் தனியாக ஆலாபனை செய்யும் ஐந்து நிமிடத்துக்குக் குரல் தடத்தை நன்றாக இறக்கிவிடலாம். திடீரென்று ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கும்.

வயலினுக்கு ஒரே அளவு வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது என்பதை இதிலிருந்தே ஊகித்திருப்பீர்கள். பாடகரின் பிடிகளை நிழல் போலத் தொடரும்போது அது குரலுக்கு நாலைந்து டெசிபல் கீழே இருக்கலாம். அவர் நிறுத்தியதும் பதில் சொல்ல வரும்போது முன்னால் வர வேண்டும். ஆட்டோமேஷன் என்று ஒரு வசதி இருக்கிறது: தடத்தின் மேல் ஒரு கோடு வரைந்து, இந்த இடத்தில் இரண்டு டெசிபல் ஏறு, அந்த இடத்தில் இறங்கு என்று எழுதி வைக்கலாம். இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு இதைச் செய்ய வாரக்கணக்கில் மாலைப்பொழுதுகள் போகும். செய்யாவிட்டால் என்ன ஆகும்? நான் கேட்ட ஒரு பதிவில் கல்பனா ஸ்வரத்தில் பாடகர் ஒரு சிக்கலான கணக்கைப் போட்டு நிறுத்துகிறார். சபையில் கைதட்டல். அடுத்து வயலின் ஏதோ செய்கிறது, அதற்கு இன்னும் பலத்த கைதட்டல். அவர் என்ன வாசித்தார் என்பது மட்டும் பதிவில் கேட்கவில்லை. அரங்கில் இருந்த இருநூறு பேருக்கு அது தெரியும். பதிவை மட்டும் வைத்திருக்கும் அவருடைய பேத்திக்குத் தெரியப் போவதில்லை.

இனி ஈக்குவலைசர். எதையாவது கூட்டுவதற்கு முன் தேவையற்றதைக் கழிப்பது உத்தமம். குரல் மைக்கில் ஏர்கண்டிஷனர் உறுமலும் மேடைப் பலகையின் அதிர்வும் அடியில் கிடக்கும். அவற்றை வெட்டும் வடிகட்டியை எங்கே வைப்பது? நம்மிடம் கட்டைக் கணக்கு இருக்கிறதே. ஒரு கட்டையில் பாடும் ஆணுக்கு ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமம் அதில் முக்கால், 98. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு 196, மந்தர பஞ்சமம் 147. பஞ்சமத்துக்குக் கீழேயும் கொஞ்சம் இறங்குவார்கள் என்று வைத்துக்கொண்டால் அவருக்கு 70, இவருக்கு 110 என்று வடிகட்டலாம். மென்பொருளில் தயாராக வரும் 'பெண் குரல்', 'டிரம்ஸ்' அமைப்புகளை நான் தொடுவதில்லை; அவை நம் வாத்தியங்களை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. பாப் பாட்டில் பேஸ் கிதாருக்கு இடம் விடுவதற்காக மற்ற வாத்தியங்களின் அடியை வெட்டும் வழக்கத்தைத் தொப்பியின் மேல் பிரயோகித்தால் கும்கி செத்துவிடும். இங்கே பேஸ் கிதாரே அதுதான்.

சாகித்தியத்தின் மெய்யெழுத்துகள் தெளிவது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அங்கேதான், வயலின் வில் கீறுவதும் அங்கேதான். குரலை அங்கே ஏற்றுவதற்குப் பதில், பாடும்போது மட்டும் வயலினை 3000 பக்கம் இரண்டு டெசிபல் தாழ்த்தினால் சொற்கள் தானாகத் தெளிகின்றன.

கம்ப்ரஸரைப் பற்றிச் சுருக்கமாக. உரத்த இடங்களைத் தானாக அமுக்கும் கருவி அது. வாசலை மைனஸ் 18-லும் விகிதத்தை மூன்றுக்கு ஒன்று என்றும் வைத்தால், மைனஸ் 6-ல் வரும் தாரஸ்தாயி கூவல் மைனஸ் 14-ல் வெளியேறும். எட்டு டெசிபல் காணாமல் போகிறது. பிறகு மொத்தத்தையும் தூக்கிவிடுவார்கள். மூச்சும் இருமலும் கூடவே எழுந்துவரும். அரை மணி நேரம் காத்திருந்து எட்டிய தார பஞ்சமம், விருத்தத்தின் முதல் வரி அளவே கேட்கும். எனக்கு இது பிடிக்காது. சுருதி திருத்தும் மென்பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை: 1997-ல் ஆட்டோட்யூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன் எண்ணெய் நிறுவனங்களுக்காக நில அதிர்வலைகளை ஆராய்ந்தவர். அருமையான கணிதம்தான். ஆனால் தோடியின் காந்தாரத்தை அதன் சாதாரண அமைப்பில் விட்டுப் பாருங்கள். ஆட்டம் அத்தனையும் பிழை என்று நினைத்து இஸ்திரி போட்டுவிடும்.

இடவலம் சுலபம், மேடையே சொல்லிக் கொடுக்கிறது. நம் பார்வையில் பாடகர் நடுவில், மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம். வலந்தலை நம்மை நோக்கி இருக்கவே அந்த ஏற்பாடு. கால்வாசிக்கு மேல் ஒதுக்காதீர்கள். ஹெட்ஃபோனில் வயலின் ஒரு காதில் மட்டும் ரகசியம் பேசுவது அலுப்பு.

பின்பகுதி மைக்குகள் மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி 29 மில்லிவிநாடி கழித்து வந்து சேரும். நேர்த்தடங்களுக்கு 12 அல்லது 15 டெசிபல் கீழே கலந்தால் அரங்கின் அகலம் தெரியும்; கடைகளில் விற்கும் செயற்கை முழக்கம் எதுவும் தேவைப்படாது. துரித காலத்தில் மிருதங்கச் சொற்கள் இரட்டையாகக் கேட்டால் அந்த இரு தடங்களையும் சற்று இடப்பக்கம் இழுத்து முன்னே கொண்டுவரலாம்.

இதையெல்லாம் எவ்வளவு சத்தத்தில் கேட்டுச் செய்வது என்பது முக்கியம். 1933-ல் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் காட்டியபடி, ஒலி மெலிய மெலிய நம் காது அடி ஒலிகளை அதிகமாகக் கைவிடுகிறது. அலறவிட்டுக் கலவை செய்தால் தொப்பி போதுமென்று தோன்றும். காலை காபியோடு மெல்ல வைத்துக் கேட்பவருக்கு அது இருக்காது. எதிரில் இருப்பவரோடு பேசும் அளவில் வைத்து வேலை செய்துவிட்டு, காரிலும் கைபேசியிலும் ஒரு தடவை கேட்பது வழக்கம். அப்போது மனைவி, "இன்னும் அதே வர்ணமா?" என்று கேட்பார்.

கடைசி அளவு. ஒரு காலத்தில் யார் குறுந்தகடு அதிகம் கத்துகிறது என்று போட்டி நடந்தது. 2008-ல் மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெடிக்' அமுக்கப்பட்ட விதத்தைப் பார்த்து அதன் ரசிகர்களே திருத்தித் தரும்படி மனு போட்டார்கள். 2006-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் காதுக்குத் தோன்றும் உரப்பை அளக்க ஒரு முறையை வெளியிட்டது. யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் அந்த வகை அளவில் மைனஸ் 14 பக்கம் வைத்து, அதற்கு மேல் கத்துவதைத் தாங்களே குறைத்துவிடுகின்றன. ஆகவே கத்திப் பயனில்லை. நான் மைனஸ் 18-ஐ ஒட்டி, உச்சம் மைனஸ் 1-ஐத் தாண்டாமல் விடுகிறேன்.

கலவை முடிந்ததும் மூலத் தடங்களை அழித்துவிடாதீர்கள். எட்டையும் 24 பிட் வேவ் கோப்புகளாக இரண்டு இடங்களில் வைத்து, கூடவே ஒரு சின்னக் குறிப்பு: தேதி, கட்டை, எந்தத் தடம் யாருடையது, எந்த மைக் எத்தனை அடியில். பத்து வருஷம் கழித்து வயலினை இன்னும் ஒரு டெசிபல் தூக்க யாருக்காவது தோன்றலாம்.