நம் வார்டும் நம் ஓட்டும்

மும்பைத் தமிழர் வீடுகளில் தேர்தல் பேச்சு என்றால் பெரும்பாலும் டெல்லியைப் பற்றியோ சென்னைக் கோட்டையைப் பற்றியோதான் இருக்கும். கோட்டையில் யார் அமர்வது என்பதற்கு இங்கே ஓட்டு வைத்திருக்கும் நமக்கு ஓட்டே கிடையாது. ஆனாலும் விவாதம் சூடு பறப்பது அதில்தான்! வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதும், மழைக்காலத்தில் நாலா பொங்கித் தெருவுக்கு வருவதும், குப்பை வண்டி வராமல் போவதும் எந்தத் தேர்தலோடு சம்பந்தப்பட்டவையோ அந்தத் தேர்தலைப் பற்றி மட்டும் பேச்சே எழுவதில்லை.

மும்பை உட்பட மகாராஷ்டிரத்தின் 29 மாநகராட்சிகளுக்கும் 2026 ஜனவரி 15 அன்று ஓட்டுப்பதிவு நடந்தது. மும்பையில் பழைய மன்றத்தின் காலம் 2022 மார்ச் 7-ல் முடிந்து போய், ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் நகர்சேவக் என்று ஒருவரே இல்லாமல் நிர்வாக அதிகாரியின் கையில் மாநகராட்சி இருந்தது. அதன் பிறகு நடந்த தேர்தல் இது. "யாருக்குப் போடுவது என்று தெரியவில்லை, பழகிய சின்னத்தைப் பார்த்து அமுக்கிவிட்டு வந்தேன்" என்று சொன்ன அன்பர்கள் நம்மில் பலர். தேர்தல்தான் முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தக் கட்டுரை என்று கேட்கலாம். உள்ளூர் வேட்பாளரை எடை போட வேண்டிய காலம் பிரசாரம் நடக்கும் இரண்டு வாரம் அல்ல. அவர் பதவியில் இருக்கும் ஐந்து வருடம். அது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நகர்சேவக் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது? இது தெரியாமல் ஒருவரைப் புகழ்வதும் திட்டுவதும் வீண்.

மும்பை மாநகராட்சி 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது. அதன்படி நிர்வாக அதிகாரம் கமிஷனரிடம் இருக்கிறது. அவர் மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. மேயர் பதவி பெரும்பாலும் மரியாதைக்குரியது, அவ்வளவுதான். நகர்சேவக்குகளின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவது மன்றம். பெரிய ஒப்பந்தங்கள் நிலைக்குழுவின் சம்மதம் இல்லாமல் நகராது. 2025-26-க்கான திட்டம் 74,427 கோடி ரூபாய். பல சிறிய மாநிலங்களின் பட்ஜெட்டை விடப் பெரிய தொகை இது. அதில் நம் வார்டுக்கு எந்த நாலா, எந்த நடைபாதை, எந்த மருந்தகம் என்று கேட்டு வாங்க வேண்டியவர் நகர்சேவக்.

தண்ணீர், குப்பை, நாலா தூர் வாருதல், உட்தெருக்கள், பூங்கா, கொசு ஒழிப்பு, சயான், கே.இ.எம்., நாயர் போன்ற மருத்துவமனைகள், பிறப்பு இறப்புச் சான்றிதழ் எல்லாம் மாநகராட்சியைச் சேர்ந்தவை. பள்ளிக்கூடங்களும் அப்படியே. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. தாராவியிலும் பிற இடங்களிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் பற்றாக்குறையா, மேல் வகுப்பு இல்லையா? இவை எழுப்பப்பட வேண்டிய இடம் மாநகராட்சியின் கல்விக் குழு. ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் எத்தனை பேரிடம் நாம் இதைக் கேட்டோம்? பொங்கல் விழாவுக்கு ஷாமியானா போட்டுத் தருவாரா என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

போலீஸ் மாநில அரசின் கையில். லோக்கல் ரயில் மத்திய அரசு. குடிசை மாற்றுத் திட்டம் எஸ்.ஆர்.ஏ. என்னும் மாநில அமைப்பு. தாராவி மறுசீரமைப்பும் மாநில அரசின் திட்டமே. ஆகவே, "என்னைத் தேர்ந்தெடுத்தால் தாராவியில் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை சதுர அடி" என்று வார்டு வேட்பாளர் ஒருவர் வாக்குக் கொடுத்தால், தன்னிடம் இல்லாத சரக்கை விற்கிறார் என்று பொருள். குரல் கொடுப்பேன் என்று சொல்லட்டும், அது நியாயம். 500 சதுர அடி வரை உள்ள வீடுகளுக்குச் சொத்து வரி விலக்கு கிடைத்ததே, அது கூட 2022 ஜனவரியில் மாநில அரசு எடுத்த முடிவு. ஆனால் அதற்கு நன்றி சொல்லி ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் வார்டு வேட்பாளர்கள்!

சரி, ஆளை எப்படிப் பார்ப்பது? வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளுக்குப் பிறகு வந்த வழக்கம் இது. வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். நம்மவர்கள் அதைப் படித்தால் முதலில் படிப்பைப் பார்க்கிறார்கள். பத்தாவது கூடத் தாண்டாதவரா என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. பட்டதாரி ஒருவர் நாலாவை எட்டிப் பார்க்காமல் ஐந்து வருடம் ஓட்டிவிடலாம். வழக்குகளைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். தண்ணீர் கேட்டு மறியல் செய்ததற்குப் போட்ட வழக்கும், மிரட்டிப் பணம் பறித்ததற்குப் போட்ட வழக்கும் எண்ணிக்கையில் ஒன்றுதான். எந்தச் சட்டப் பிரிவு என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால், போன தேர்தலில் கொடுத்த சொத்துக் கணக்கையும் இந்தத் தேர்தலில் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மாநகராட்சி ஒப்பந்தத்தில் பங்கு உள்ளவர் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. மைத்துனர் பெயரில் இருக்கிறதா என்பது சட்டத்துக்குத் தெரியாமல் போகலாம், தெருவில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

மன்றத்தில் அவர் என்ன கேட்டார் என்பதும் கிடைக்கக்கூடிய தகவல்தான். ப்ரஜா என்னும் மும்பை அமைப்பு நகர்சேவக்குகளின் வருகை, கேட்ட கேள்விகள் பற்றி மதிப்பெண் பட்டியல் வெளியிட்டு வந்திருக்கிறது. அதில் வருடம்தோறும் கண்ட வேடிக்கை, சாலைகளுக்கும் சந்திப்புகளுக்கும் பெயர் சூட்டுவது பற்றிய கேள்விகள் மிகுதியாக இருந்தது. தண்ணீர் வராத தெருவுக்குப் பெயர் மட்டும் மாறி என்ன பயன்?

இனி, கொஞ்சம் சங்கடமான விஷயம். "அண்ணே, நம்ம ஆளு நிக்கிறாரு, வேற யோசனையே வேண்டாம்" என்ற பேச்சு. இதை முழுக்கத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 1966-ல் சிவசேனை பிறந்ததை ஒட்டிய வருடங்களில் தென்னிந்தியர்களுக்கு எதிராக எழுந்த கோஷங்களை நம் பெரியவர்கள் காதால் கேட்டவர்கள். மொழி தெரியாத அம்மா ஒருவர் வார்டு ஆபீசில் தமிழில் குறை சொல்ல ஓர் ஆள் இருந்தால் அது சிறிய உதவி அல்ல. நகர்சேவக்காக இருந்து 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களில் சயான் கோலிவாடாவிலிருந்து சட்டமன்றத்துக்குப் போன தமிழ்ச்செல்வனைப் போன்றவர்களும் உண்டு. ஆனால் அவர் கூடத் தமிழர் ஓட்டு மட்டும் வாங்கி வென்றவர் அல்ல. மும்பையில் ஒரு கோடிக்கு மேல் வாக்காளர்கள், 227 வார்டுகள். ஒரு வார்டுக்கு நாற்பத்தைந்தாயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் தொகை எந்த வார்டிலும் பெரும்பான்மை ஆவது அபூர்வம். நம் தெருவுக்கு வேலை செய்யக்கூடிய மராத்தியரையோ குஜராத்தியரையோ விட்டுவிட்டு, தமிழ்ப் பெயர் என்ற ஒன்றுக்காகவே ஒருவருக்குப் போட்டால், அவர் ஜெயித்த பிறகு அவரிடம் வேலை கேட்க நமக்கு வாய் இருக்காது. "எப்படியும் எனக்குத்தானே போடுவாய்" என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா?

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்பவர்களுக்கு 2017-ல் கிர்காவ் பகுதியின் 220-ஆம் வார்டைச் சொல்லலாம். பாரதிய ஜனதாவின் அதுல் ஷாவும் சிவசேனையின் சுரேந்திர பாகல்கரும் ஆளுக்கு 5,946 ஓட்டு வாங்கிச் சமமாக நின்றார்கள். குலுக்கல் சீட்டு எடுத்துத்தான் அதுல் ஷா வென்றார் என்று முடிவானது. அந்த வார்டில் அன்று சாயங்காலம் "கூட்டமாக இருக்கும்" என்று வீட்டில் இருந்துவிட்ட ஒரு குடும்பம் வந்திருந்தால் சீட்டுக்கு வேலையே இருந்திருக்காது.

மகாராஷ்டிரத்தில் 2011 முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. நல்ல சட்டம். ஆனால் சுவரொட்டியில் அம்மாவின் படத்தை விடக் கணவரின் படம் பெரிதாக இருந்தால் விசாரிக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது கேள்வியை நேராக அந்த அம்மாளிடமே கேளுங்கள், பக்கத்தில் நிற்பவரிடம் வேண்டாம். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும், யார் நகர்சேவிகா என்று.

டோம்பிவிலி, தானே, நவி மும்பை, புணே அன்பர்களுக்கு இன்னொரு குழப்பம். மும்பையில் ஒரு வார்டுக்கு ஒரே உறுப்பினர். ஒரு பொத்தான் போதும். அங்கெல்லாம் பிரபாக் முறை. பெரும்பாலும் ஒரு பிரபாகுக்கு நான்கு பேர்: அ, ப, க, ட என்று நான்கு இடங்கள், நான்கு நிறத்தில் பட்டியல். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியே ஓட்டுப் போட வேண்டும். நான்கும் முடிந்த பிறகுதான் மெஷின் ஒலிக்கும். ஒன்றை அமுக்கிவிட்டு வெளியே வரப் பார்த்தவர்களை அதிகாரி திரும்பக் கூப்பிட்டது இதனால்தான். நான்கு பேரும் ஒரே கட்சியாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கட்சித் தொண்டர் "வரிசையாக நாலையும் அமுக்குங்க அக்கா" என்பார். அது அவர் சௌகரியம். இருவரை ஒரு கட்சியிலும் ஒருவரை இன்னொரு கட்சியிலும் எடுத்துவிட்டு, நான்காவது இடத்தில் ஒருவரும் பிடிக்கவில்லை என்றால் நோட்டாவை அமுக்கலாம்.

நோட்டா பற்றியும் ஒரு வார்த்தை. 2013-ல் உச்ச நீதிமன்றம் தந்த இந்த வசதி, நாடாளுமன்றத் தேர்தலில் வெறும் முணுமுணுப்புதான். நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து வந்தவர் எம்.பி. ஆகிவிடுவார். ஆனால் மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையம் 2018-ல் பிறப்பித்த உத்தரவின்படி, உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா மற்ற எல்லோரையும் விட அதிகம் வாங்கினால் அந்த இடத்துக்கு மறுபடியும் தேர்தல்.

இவ்வளவும் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு. மாநகராட்சித் தேர்தலுக்கென்று தனி வாக்காளர் பட்டியல் கிடையாது. சட்டமன்றப் பட்டியலையே பிரித்துக் கொள்கிறார்கள். 2026 ஜனவரித் தேர்தலுக்கு 2025 ஜூலை 1-ல் இருந்த பட்டியல்தான் கணக்கு. தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடியவர்கள் ஏமாந்தது அதனால்தான். வீடு மாறியவர்கள் படிவம் 8, புதிதாகச் சேர்பவர்கள் படிவம் 6. செம்பூரிலிருந்து முலுண்டுக்குக் குடிபோய்ப் பத்து வருடம் ஆகியும் பெயர் செம்பூரிலேயே இருந்தால், முலுண்டு நாலா பற்றிப் பேச நமக்கு ஓட்டு இல்லை. ஊரில் ஒன்று, இங்கே ஒன்று என்று வைத்திருப்பதும் சட்டப்படி கூடாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய தீவிரத் திருத்தத்தின்போது திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களில் இது பெரிய விவாதமாயிற்று. பாட்டன் வீட்டு ஓட்டை விட மனசு வராது, தெரியும். ஆனால் தண்ணீர் குடிப்பது எந்த ஊரில்?

ஆளுக்குப் போடும் ஓட்டு போக, ஒரு கேள்விக்கு ஆம், இல்லை என்று போடும் ஓட்டும் மகாராஷ்டிரத்தில் உண்டு. நம் பெண்களில் பலருக்கு இது தெரியாது. 'உபீ பாட்லி, ஆட்வீ பாட்லி' என்பார்கள்: நிற்கும் புட்டி, படுத்த புட்டி. மதுக்கடையை மூடுவதா என்பதற்கான ஓட்டு. 2008-ல் வந்த அரசு ஆணையின்படி, ஒரு கிராமத்தின் பெண் வாக்காளர்களில் கால் பங்கு பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால் ரகசிய ஓட்டெடுப்பு நடத்த வேண்டும். பின்னர் நகர வார்டுகளுக்கும் இது வந்தது. நிற்கும் புட்டிக்குப் போட்டால் கடை இருக்கட்டும், படுத்த புட்டிக்குப் போட்டால் மூடட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும்.

ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கவனியுங்கள். நகர்சேவக் தேர்தலில் வந்தவர்களில் யாருக்கு அதிகமோ அவர் ஜெயிப்பார். புட்டி ஓட்டில் அந்த ஆணை கேட்டது, வந்தவர்களில் பாதி அல்ல. பட்டியலில் உள்ள பெண்களில் பாதிக்கு மேல். பட்டியலில் 4,000 பெண்கள் இருந்து, 1,900 பேர் வந்து, அத்தனை பேரும் படுத்த புட்டிக்கே போட்டாலும் கடை மூடாது. வராமல் வீட்டில் இருந்த 2,100 பேரும் நிற்கும் புட்டிக்குப் போட்டவர்கள் மாதிரியே ஆகிவிடுகிறார்கள். இறந்து போனவர், கல்யாணமாகி வேறு ஊர் போனவர் பெயர்கள் நீக்கப்படாமல் இருந்தால் அவையும் கடைக்காரர் பக்கம் சேரும். பல இடங்களில் இந்த முயற்சி தோற்பதற்குக் காரணம் எதிர்ப்பு அல்ல, இந்தக் கணக்குதான். ஆகவே மனுவுக்குக் கையெழுத்து வாங்கும் முன்பே பட்டியலைச் சுத்தம் செய்வது முதல் வேலை. ஓட்டு விழுக்காட்டை மாற்றுவது பற்றி 2025 மார்ச்சில் சட்டமன்றத்தில் பேச்சு எழுந்தது. எனவே மனுக் கொடுக்கும் அன்று அமலில் உள்ள விதியை மாவட்டக் கலால் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துகளை அதிகாரிகள் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். அம்மாவுக்காக மகள் போட்ட கையெழுத்து செல்லாது. வாக்காளர் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரும் எண்ணும் எழுதுவது நல்லது.