உங்களுக்குத் தெரியுமா? வைஃபை பெட்டியின் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும்!

வடமதுரையில் கடையிலோ இ-சேவை மையத்திலோ சுவரில் மாட்டியிருக்கும் வைஃபை பெட்டி, தன் வழியாகப் போய்வரும் ஒவ்வொரு பைட்டையும் எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கைப் பெட்டியின் பார்வையிலிருந்துதான் படிக்க வேண்டும். நீங்கள் போனில் இறக்கிய சினிமா, அதன் வைஃபை கணக்கில் ‘அனுப்பியது’ என்றே விழும். பலர் குழம்புவது இங்கேதான்.

இத்தகைய கணக்குகளைப் படிக்க 1988-இல் வந்த எஸ்.என்.எம்.பி. என்னும் கண்காணிப்பு முறை, 32 பிட் எண்ணியைப் பயன்படுத்தியது. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் கணக்கு 99999-க்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்குமே, அதேபோல இதுவும் சுமார் 429 கோடி பைட்டைத் தாண்டியதும் 0 ஆகிவிடும். 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் இதற்கு ஆறு நிமிடம்கூட ஆகாது, 1 ஜி.பி.பி.எஸ். என்றால் 34 விநாடிதான்! 1994-இல் டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதத் தொடங்கிய புகழ்பெற்ற எம்.ஆர்.டி.ஜி. மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் கணக்கை எடுக்கும். இடையில் எண்ணி எத்தனை சுற்று சுற்றியது என்று அதற்கு எப்படித் தெரியும்? பின்னர் வந்த 64 பிட் எண்ணி அதே 1 ஜி.பி.பி.எஸ். வேகத்தில் நிரம்ப 4,600 ஆண்டுகளுக்கு மேலாகும்.

ஆனால் கரண்ட் போனால் பெரும்பாலான பெட்டிகளில் எல்லாமே 0-இலிருந்துதான். மாதக் கணக்கு வேண்டுபவர்கள் தினமும் ஒருமுறை குறித்துவையுங்கள்.