புதுத் திரையில் பழைய மென்பொருள்: எழுத்து ஏன் சிறுத்துப் போகிறது?

பெக்கான் நானாஸ்: பொந்தியான் மாவட்டத்தில் அன்னாசியின் பெயரையே தாங்கி நிற்கும் இந்தப் பட்டணத்தில், கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா அறிக்கையும் அச்சிட்டுத் தரும் ஒரு சிறு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகள் உழைத்த கணினி ஓய்ந்துவிட, கடைக்காரர் 4கே திரை கொண்ட புது மடிக்கணினி ஒன்றை வாங்குகிறார். பழகிய அதே தட்டச்சு மென்பொருளைத் திறந்தால், மெனு எல்லாம் எறும்பு ஊர்வதுபோல் பொடியாகத் தெரிகிறது. சில மென்பொருள்களில் எழுத்து பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதுபோல் மங்கல். கணினியும் பழுதில்லை, கண்ணும் பழுதில்லை.

கணக்கு இதுதான். 15.6 அங்குல மடிக்கணினிகளில் முன்பு பரவலாக இருந்த திரை 1366x768 பிக்சல் கொண்டது. அதில் ஓர் அங்குலத்திற்குச் சுமார் 100 பிக்சல். அதே அளவுள்ள 4கே திரையில் அங்குலத்திற்குச் சுமார் 282. பழைய மென்பொருளை எழுதியவர் ‘எழுத்தின் உயரம் 16 பிக்சல்’ என்று நிலையாக வைத்திருந்தால், பழைய திரையில் அது 4 மில்லிமீட்டர். புதிய திரையில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை.

ஆங்கில எழுத்தாவது எப்படியோ தாங்கும். தமிழில் ஒரு புள்ளி மறைந்தால் ‘குமார்’ ‘குமார’ ஆகிவிடும். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். ஐந்நூறு பத்திரிகை அச்சடித்த பிறகு மணமகன் பெயரில் பிழை என்றால், அந்தச் செலவு கடைக்காரர் தலையில்தான்.

திரை அடர்த்தி கூடினால் எழுத்தைப் பெரிதாக்கும் ஏற்பாடு விண்டோஸில் உண்டு. ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘டிஸ்பிளே’ வழியாகச் சென்றால் ‘ஸ்கேல்’ என்ற இடத்தில் 125, 150, 200 விழுக்காடு என்று தேர்ந்தெடுக்கலாம். புதிய மென்பொருள் அதைப் புரிந்துகொண்டு எழுத்தைப் பெரிதாகவே வரைந்துகொள்ளும். புரியாத பழைய மென்பொருளை விண்டோஸே படம்போல் இழுத்துப் பெரிதாக்குகிறது. சின்னப் புகைப்படத்தைப் பெரிதாக்கினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் நடக்கிறது. மங்கலுக்குக் காரணம் இதுவே.

பலர் செய்வது திரையின் ரெசல்யூஷனையே குறைத்துவிடுவது. அப்போது எல்லா மென்பொருளும் மங்கும். காசு கொடுத்து வாங்கிய தெளிவு வீண். ரெசல்யூஷனை அப்படியே விட்டு, தொல்லை தரும் மென்பொருளை மட்டும் கவனிப்பதே முறை. அதன் ஐகானில் வலது சொடுக்கு செய்து, ‘புராப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘கம்பேட்டிபிலிட்டி’ பகுதியில் ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ அழுத்த வேண்டும். கீழே உள்ள ‘ஓவர்ரைட்’ கட்டத்தில் குறியிட்டால் மூன்று தேர்வுகள் வரும். ‘அப்ளிகேஷன்’ என்றால் எழுத்து கூர்மையாக இருக்கும், ஆனால் பொடியாகலாம். ‘சிஸ்டம்’ என்றால் பெரிது, ஆனால் மங்கல். முதலில் முயன்று பார்க்க வேண்டியது 2017ஆம் ஆண்டு விண்டோஸ் 10இல் சேர்க்கப்பட்ட ‘சிஸ்டம் என்ஹான்ஸ்ட்’. இது எழுத்துகளை மட்டும் புதிதாகப் பெரிய அளவில் வரையும். படங்கள் மங்கலாகவே இருக்கும். எல்லாப் பழைய மென்பொருளுக்கும் இது பலிக்காது. மாற்றிய பிறகு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.

மடிக்கணினியோடு பழைய மானிட்டரையோ மண்டபத்து புரொஜெக்டரையோ இணைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. இரண்டு திரைக்கும் அளவு வேறு. திரைக்குத் திரை அளவை மாற்றிக்கொள்ளும் வசதி 2013இல் வந்த விண்டோஸ் 8.1இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய முறையில் எழுதப்பட்டவை கணினிக்குள் நுழையும்போது இருந்த அளவையே பிடித்துக்கொண்டிருக்கும். எந்தத் திரையில் வேலையோ அதைப் பிரதான திரையாக்கி, ‘சைன் அவுட்’ செய்து மீண்டும் நுழைந்தால் பெரும்பாலும் சரியாகும்.

உண்மையில் இது எழுதுகிறவர் சரிசெய்ய வேண்டிய விஷயம். கணினித் துறையில் படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு பொத்தானுக்கு ‘80 பிக்சல் அகலம்’ என்று ஆணியடிப்பதைவிட, உள்ளே வரும் சொல்லுக்கு ஏற்ப அது விரியும்படி எழுதலாம். ‘சேவ்’ அடங்கும் இடத்தில் ‘சேமிக்கவும்’ அடங்காது. 150 விழுக்காட்டில், தமிழ்ச் சொற்களைப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் வெட்டுப்படும் இடமெல்லாம் உடனே தெரிந்துவிடும்.