இதயத் தசையை ஆராயும் சக்திவேல் சடையப்பன்: நம் குடும்பங்களுக்கு ஒரு செய்தி

நல்ல உடற்கட்டுடைய இளைஞர் ஒருவர் திடீரென மயங்கி விழுந்து இறந்தால், கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் 'மாரடைப்பு' என்ற ஒரே சொல்லில் அதனை முடித்துவிடுகிறோம். அத்தகைய மரணங்களுள் சிலவற்றுக்குக் காரணம் இரத்தக் குழாய் அடைப்பு அன்று. பெற்றோர்வழி வந்த மரபணுக் குறையால் இதயத் தசை தடித்துப்போவதே ஆகும். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம் என்பது மருத்துவ உலகின் கணிப்பு. இதன் வேரைத் தேடிய ஆய்வுகளில் தமிழ்நாட்டில் பயின்றவர்களுக்குச் சிறப்பான பங்கு உண்டு.

மதுரையில் தொடங்கிய பயணம்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற சக்திவேல் சடையப்பன், அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ஜெஃப்ரி ராபின்ஸ் அவர்களின் ஆய்வகத்தில் இணைந்தார். பின்னர் சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்திலும், சின்சினாட்டி பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராகப் பணியாற்றினார். இத்தனை ஆண்டுகளிலும் அவர் பெரிதும் ஆராய்ந்தது இதயத் தசைச் செல்லில் உள்ள ஒரே ஒரு புரதத்தை. அதன் பெயர் 'மயோசின் பிணைப்புப் புரதம் சி'.

அப்புரதத்தின் வேலையைப் புரிந்துகொள்ளத் திருவண்ணாமலைத் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். வடம் பிடிப்பவர்கள் இழுத்தால்தான் தேர் நகரும். ஆயினும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர் இல்லாவிடில் தேர் கட்டுக்குள் நில்லாது. இதயச் செல்லில் மயோசின் என்னும் புரதம் மெல்லிய இழைகளைப் பற்றி இழுக்கிறது. அதனால் தசை சுருங்குகிறது. அவ்விழுப்பின் அளவை நெறிப்படுத்தும் முட்டுக்கட்டையே இப்புரதம். ஓடும்போதோ பதறும்போதோ இதன்மீது பாஸ்பேட் ஏறுகிறது. பிடி தளர்ந்து இதயம் வலுவாக அடிக்கிறது. பாஸ்பேட் ஏறவியலாதபடி புரதத்தை மாற்றினால் எலிகளின் இதயத் திறன் குன்றுகிறது என்பதைச் சடையப்பன் குழுவினர் 2005இல் வெளியிட்டனர்.

விடுபட்ட 25 எழுத்துகள்

இப்புரதத்தை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இந்தியக் குடும்பங்கள் சிலவற்றில் முன்னரே காணப்பட்டிருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி, சடையப்பன், ஐதராபாத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும் பிறரும் இணைந்து 2009இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் விரிவான ஆய்வை வெளியிட்டனர். இதயத் தசை நோயாளிகள் 800 பேரும், நோயற்றோர் 699 பேரும் அதில் ஒப்பிடப்பட்டனர். தெற்காசியரில் 100க்குச் சுமார் 4 பேரிடம் இம்மாற்றம் உள்ளது என்றும், நோயாளிகளிடையே அது கூடுதலாகக் காணப்படுகிறது என்றும் தெரியவந்தது.

எனினும், 4 பேருக்கும் நோய் வரும் என்று பொருள் கொள்ளலாகாது. சடையப்பன் குழுவினரே 2018இல் வெளியிட்ட ஆய்வில், அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருந்த சிலரிடமே இதயம் இயல்புக்கு மீறிச் சுருங்குவதைக் கண்டனர். இம்மாற்றத்தைச் சுமப்போருள் பலர் நலமாகவே வாழ்கின்றனர்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

தசை தடித்த இதயநோய் பெற்றோரில் ஒருவருக்கு மரபுவழி இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மரபணு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. ஆகவே நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவரும் இ.சி.ஜி., எக்கோ ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். இவை வலி தராதவை. ஒருமுறை இயல்பாக இருந்தாலும் பிற்காலத்தில் தசை தடிக்கக்கூடும். எனவே மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் மீண்டும் வருதல் அவசியம்.

பின்வருவனவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்:

• குடும்பத்தில் இளவயதில் நேர்ந்த திடீர் மரணங்கள்
• ஓடும்போதோ சுமை தூக்கும்போதோ ஏற்பட்ட மயக்கம்
• உழைக்கும்போது வரும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு

இவ்வறிகுறிகள் உடையோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் செல்வதற்கு முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் நலம். தொடர்ந்து உட்கொள்ளும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

செல்லுக்குள் நிகழும் நுண்ணிய இழுப்பை அறிந்ததன் பயன் இன்று நோயாளிகளையும் எட்டியுள்ளது. மயோசினின் மிகை இழுப்பைத் தணிக்கும் மவகாம்டென் என்னும் மருந்துக்கு 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது எல்லோருக்கும் உரியதன்று. யாருக்குப் பொருந்தும் என்பதை இதயநோய் வல்லுநரே முடிவு செய்வார். ஆனால் எந்தச் சிகிச்சைக்கும் முன்னர் நோய் கண்டறியப்பட வேண்டும். உங்கள் குடும்பத்தின் இதய வரலாற்றை இவ்வாரமே மூத்தோரிடம் கேட்டு எழுதிவைத்து, அடுத்த முறை வரும்போது அத்தாளையும் உடன் கொண்டுவருமாறு வேண்டுகிறோம்.