ஏறி விளையாடும் கலை



புதுச்சேரியில் நான் தலைமையாசிரியனாயிருந்த நாளில், பள்ளி மாமரத்தில் ஏறிய மாணவன் ஒருவன் விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். மறுநாளே மரத்தைச் சுற்றி முள்வேலி போடச் செய்தேன். பிள்ளைகளோ மதிற்சுவரில் ஏறத் தொடங்கினர்.

பின்னர், அண்டையிலுள்ள விழுப்புரத்தில் மல்லர் கம்பம் பயிலும் சிறுவர் சிறுமியரைக் கண்டேன். அம்மரக்கம்பம் தரைக்குமேல் ஏறத்தாழ 8½ அடி உயரமே உடையது. அடி பருத்து, நுனி சிறுத்தது. தோல் உராய்ந்து புண்ணாகாதிருக்க விளக்கெண்ணெய் தடவுவர். உயரம் சிறிதாயினும் வித்தை பெரிது.

ஏறும் விளையாட்டுக்கூடம் அமைப்போர் இதனை மனத்திற் கொள்ளல் நலம். கயிறின்றி ஏறும் சுவர் தாழ்ந்திருக்க வேண்டும். அதன் அடியில் கனத்த மெத்தை இடைவெளியின்றிப் பரவியிருத்தல் வேண்டும். ஒருவர் ஏறுகையில் கீழே எவரும் நிற்றலாகாது. கடுமையை உயரத்தில் வையாமல், கைப்பிடிகளின் அளவிலும் இடைவெளியிலும் வைத்தல் வேண்டும். ஒரே சுவரில் எளிய வழியும் அரிய வழியும் இருப்பின், அஞ்சுபவரும் ஏறுவர், வல்லவரும் சலியார்.

ஏறக் கற்பவர் விழவே செய்வர். விழுந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்து மீண்டும் ஏறும்படி இடத்தை அமைப்பது பெரியவர் கடமை. அன்று நான் போட்டிருக்க வேண்டியது முள்வேலியன்று; தாழ்ந்த கம்பம் ஒன்றும், அதன் அடியில் மெத்தையுமே.