மசோதா வந்துவிட்டது, உரிமை எப்போது வரும்? வாடகை வீடு, வேலை, உள்ளாட்சி: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

சட்டமன்றத்தில் ஒரு மசோதா தாக்கலானால் அன்று மாலைக்குள் வாட்ஸ்அப் குழுமங்களில் செய்தி பரவிவிடுகிறது. "இனி வாடகைக்காரரை யாரும் காலி செய்ய முடியாது", "இனி 12 மணி நேர வேலை", "இனி மாற்றுத்திறனாளிகளுக்கு எல்லா மன்றத்திலும் இடம்" என்று ஆளுக்கொன்றாகப் பகிர்கிறார்கள். சில நாட்களில் செய்தி அடங்கிவிடும். அந்த மசோதா பிறகு என்ன ஆனது, சட்டமானதா, எந்தத் தேதியில் அமலுக்கு வந்தது, நாம் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

பாலக்கோடு போன்ற ஊர்களில் இதன் பாதிப்பு அதிகம். இங்குள்ள பல குடும்பங்கள் வாடகை வீட்டிலோ போக்கிய வீட்டிலோ வசிக்கின்றன. பிள்ளைகள் ஊர்க் கடைகளிலும், தக்காளி மண்டியிலும், ஓசூர் தொழிற்சாலைகளிலும், பெங்களூரிலும் வேலை செய்கிறார்கள். தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை என எதற்கும் பேரூராட்சி அலுவலகத்தின் படியேற வேண்டும். வீடு, வேலை, உள்ளாட்சி ஆகிய மூன்றிலும் கடந்த சில ஆண்டுகளில் தமிழக அரசு கொண்டுவந்த மசோதாக்கள் நம் வீட்டு வாசல் வரை வந்திருக்கின்றன. அவற்றில் எது சட்டம், எது வெறும் செய்தி என்று பிரித்து அறிவது அவசியம்.

மசோதா எப்போது சட்டமாகிறது?

மசோதா (சட்ட முன்வடிவு) என்பது அரசு முன்வைக்கும் யோசனை மட்டுமே. சட்டமன்றம் அதை நிறைவேற்ற வேண்டும். பிறகு ஆளுநர் ஒப்புதல் தர வேண்டும். மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியல் விஷயங்களில், மத்திய சட்டத்துக்கு முரணாக மாநிலம் சட்டம் செய்தால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் தேவை. தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் உள்ளது. உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் உள்ளது.

ஒப்புதல் கிடைத்தால் அரசிதழில் வெளியாகும். அதன் பிறகும் அமலுக்கு வரும் தேதியை அரசு தனியாக அறிவிக்க வேண்டியிருக்கலாம். விதிகள் வகுக்க வேண்டும், அதிகாரிகளை நியமிக்க வேண்டும்.

இந்தப் பாதை சில நேரம் மிக நீளமானது. 2020 முதல் 2023 வரை தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய 10 மசோதாக்களை ஆளுநர் ஒப்புதல் தராமல் திருப்பி அனுப்பினார். 2023 நவம்பர் 18 அன்று சட்டமன்றம் அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அவை அரசிதழில் சட்டமாக வெளிவந்தன. எனவே "மசோதா நிறைவேறியது" என்ற செய்தியைப் பார்த்ததும் உரிமை கைக்கு வந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

வாடகை வீடு: பேச்சு போதாது, எழுத்து வேண்டும்

நீண்ட காலம் தமிழகத்தில் வாடகை விவகாரங்களை 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கவனித்து வந்தது. அதற்குப் பதிலாக 2017இல் வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் புதிய சட்டம் இயற்றப்பட்டது. அமலுக்கு வந்தது 2019 பிப்ரவரி 22 அன்று. ஆண்டைக் கவனியுங்கள். சட்டத்தின் பெயரில் 2017 இருந்தாலும் நடைமுறைக்கு வர 2019 ஆகிவிட்டது.

இச்சட்டத்தின் முதல் நிபந்தனை, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது. அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். மாவட்ட ஆட்சியரால் நியமிக்கப்படும் இவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. பதிவு அரசின் இணையதளம் வழியாக நடக்கிறது. பதிவானதும் ஒரு எண் தரப்படும். வீட்டு உரிமையாளரும் வாடகைதாரரும் சேர்ந்து பதிவுக்குக் கொடுக்க வேண்டும். ஒருவர் முன்வராவிட்டால் மற்றவர் தனியாகவும் தகவல் தரலாம்.

"11 மாதத்துக்கு எழுதினால் பதிவு தேவையில்லை" என்று பலர் சொல்வதுண்டு. அது ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கான பதிவுச் சட்டத்தை வைத்துச் சொல்லும் பழைய கணக்கு. புதிய வாடகைச் சட்டத்தின் கீழ் 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று இதில் இருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே வாடகைக்கு இருந்தவர்கள் ஒரு கெடுவுக்குள் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் சொன்னது. முதலில் 90 நாள் என்று இருந்த கெடு பின்னர் 575 நாளாக நீட்டிக்கப்பட்டது. அந்தக் கெடு 2020லேயே முடிந்துவிட்டது. அப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் இருப்பதே, வீட்டைக் காலி செய்யக் கோருவதற்கான காரணங்களில் ஒன்றாகச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. 20 வருடமாக ஒரே வீட்டில் ஒழுங்காக வாடகை கொடுத்து வருபவருக்கும் இது பொருந்தும். "பாய், உங்க பேச்சே போதும், எழுத்து எதுக்கு?" என்று அன்போடு சொல்லும் வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்குப் பின் வீடு அவர் பிள்ளைகள் கைக்குப் போகும்போது அந்தப் பேச்சுக்கு யார் சாட்சி?

எழுத்தும் பதிவும் இருந்தால் சட்டம் நம் பக்கமும் பேசும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. வீட்டைக் காலி செய்து ஒப்படைத்தால், நியாயமான பிடித்தம் போக மீதி முன்பணத்தை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வாடகையை உயர்த்த 3 மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தகராறு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. அதே நேரம், இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, எழுத்தில் கேட்ட பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வெளியேற்ற மனு போட உரிமையாளருக்கு வழி உண்டு. பாக்கி இல்லை என்று காட்ட ரசீது வேண்டும், அல்லது வங்கி வழியாகக் கொடுத்த பதிவு வேண்டும்.

மூன்று விஷயங்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று, வக்ஃபாகப் பதிவான சொத்துகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. பள்ளிவாசலுக்குச் சொந்தமான வீடு, கடைகளில் இருப்பவர்கள் இந்தச் சட்டத்தை நம்பி இருக்க முடியாது. அதற்குத் தனி விதிகள் உண்டு. நிர்வாகத்துடன் உள்ள எழுத்து ஒப்பந்தத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது போக்கியம். லட்சக்கணக்கில் பணம் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்பப் பெறும் இந்த ஏற்பாட்டை நம்மில் பலர் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்குவதோடு முடித்துக்கொள்கிறார்கள். சொத்தை ஈடாக வைத்து 100 ரூபாய்க்கோ அதற்கு மேலோ வாங்கும் அடமானத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு தேவை என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் சொல்கிறது. உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்துச் செய்யும் அடமானம் மட்டும் இதற்கு விலக்கு. பதிவில்லாத போக்கியத்தில், வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் உங்கள் பணத்தின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது அவசியம். போக்கியம் மார்க்க அடிப்படையில் கூடுமா என்ற கேள்வியை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இங்கே சொல்வது சட்டத்தின் நிலை மட்டுமே.

மூன்றாவது, மனதுக்குக் கஷ்டமான விஷயம். பெயரைக் கேட்டதும் "வீடு இல்லை" என்று சொல்லப்படும் அனுபவம் நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. மதத்தைக் காரணம் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கும் பிரிவு இந்த வாடகைச் சட்டத்தில் இல்லை. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடைகள், உணவகங்கள், கிணறுகள் போன்ற பொது இடங்களில் மதத்தின் பெயரால் தடுப்பதை விலக்குகிறது. தனியார் வீட்டு வாடகையை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இந்தக் குறையை நிரப்பும் சட்டம் வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்பது நியாயமான கோரிக்கை.

வேலை: ஒன்று போனது, ஒன்று இருக்கிறது

2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்தில் தமிழகத் திருத்த மசோதா நிறைவேறியது. வேலை நேரம், ஓய்வு இடைவேளை, மிகை நேர ஊதியம் தொடர்பான பிரிவுகளிலிருந்து சில தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அது அரசுக்குத் தந்தது. 12 மணி நேர வேலைக்கு இது வழி திறக்கும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில், 24ஆம் தேதி, மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். சட்டமன்றம் நிறைவேற்றிய பிறகும் ஒரு மசோதாவை மக்கள் குரல் நிறுத்த முடியும் என்பதற்கு இது சமீபத்திய சாட்சி.

இதைப் பற்றித் தெரிந்த அளவுக்கு 2021 செப்டம்பரில் வந்த இன்னொரு திருத்தம் தெரியவில்லை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு கடையிலும் ஊழியர்கள் உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காரும் உரிமை அது. 2018இல் கேரளா இதே போன்ற திருத்தத்தைச் செய்திருந்தது. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்த்து, கால் வீங்கி வீடு திரும்பும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அதே சட்டத்தில் இன்னும் சில உரிமைகள் 1947 முதலே இருக்கின்றன. கடை ஊழியருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது வரம்பு. மிகை நேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 4 மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். ஜும்ஆவுக்குப் போக விரும்பும் ஊழியர், அந்த ஒரு மணி நேரத்தை வெள்ளிக்கிழமை எப்போது எடுப்பது என்று முதலாளியிடம் பேசி ஏற்பாடு செய்துகொள்ளலாம். வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க 2019இல் அரசு அனுமதித்தபோதும், ஊழியர்களுக்குச் சுழற்சி முறையில் வார விடுமுறை கட்டாயம் என்றே சொன்னது. 6 மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது.

நம் சமுதாயத்தில் கடை முதலாளிகளும் நிறைய பேர் உண்டு. மேலே சொன்னவை அவர்கள் மீதான கடமைகள். நம் கடையில் வேலை செய்யும் பையனுக்கு ஒரு ஸ்டூல் போட அதிகாரி வந்து சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இது தமிழ்நாட்டுச் சட்டம். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததும் வாடகைக்கும் கடை வேலைக்கும் கர்நாடகச் சட்டங்கள்தான். பெங்களூரில் வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் அங்குள்ள விதிகளைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

உள்ளாட்சி: காலியாக விடக் கூடாத நாற்காலி

2025 ஏப்ரல் 16 அன்று முதலமைச்சர் இரண்டு மசோதாக்களைச் சட்டமன்றத்தில் தாக்கல் செய்தார். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க அவை வழி செய்தன. நகர்ப்புற உள்ளாட்சிகளில் 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், ஊராட்சி ஒன்றியங்களில் 388 பேர், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர் இடம்பெறுவர் என்று அரசு கணக்குச் சொன்னது. அதற்கு முன் நகர்ப்புற மன்றங்கள் அனைத்திலும் சேர்த்து 35 மாற்றுத்திறனாளிகளே இருந்தனர்.

இவை நிறைவேறிச் சட்டமாகி, அதே ஆண்டு ஜூலையில் விண்ணப்பங்கள் கோரப்பட்டன. பாலக்கோடு போன்ற பேரூராட்சிக்கு ஓர் இடம். இவர்களுக்கு மன்றத்தில் பேசும் உரிமை உண்டு, வாக்களிக்கும் உரிமை இல்லை. ஆனாலும் சக்கர நாற்காலி ஏறாத அலுவலகப் படியைப் பற்றி, அதில் ஏற முடியாதவரே மன்றத்தில் எழுந்து பேசுவது சிறிய விஷயமல்ல. விண்ணப்பிக்கத் தரப்பட்ட அவகாசம் சில வாரங்களே. ஏப்ரல் மாதச் செய்தியைப் பகிர்ந்த எத்தனை பேர் ஜூலை மாத அறிவிப்பைத் தம் தெருவிலுள்ள மாற்றுத்திறனாளி சகோதர, சகோதரியிடம் சேர்த்தோம்?

வாய்ப்பு மீண்டும் வரும். நகர்ப்புற மன்றங்கள் 2022 பிப்ரவரி 19 தேர்தலில் தேர்வானவை. அவற்றின் காலம் 5 ஆண்டு. தருமபுரி உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. புதிய மன்றங்கள் அமையும்போது தகுதியானவர்கள் தயாராக இருக்க, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாக்காளர் பட்டியலில் பெயரும் இப்போதே சரியாக இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

மூன்று துறைகளிலும் நாம் காண்பது ஒன்றுதான். சட்டம் வந்த பிறகும் கடைசி வேலை நம்முடையது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வது, சம்பளத்துக்கும் வாடகைக்கும் ஆதாரம் வைத்துக்கொள்வது, கெடுவுக்குள் விண்ணப்பிப்பது ஆகியவற்றை நமக்காக வேறு யாரும் செய்ய மாட்டார்கள். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனமான 2:282, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியதுதான். அந்த வசனத்தை ஓதும் நாம் வாடகையிலும் போக்கியத்திலும் வாய்ப்பேச்சை நம்பி நிற்கலாமா?

ஜமாஅத் நிர்வாகங்கள் மாதம் ஒரு முறை, படித்த இளைஞர்கள் இரண்டு மூன்று பேரை வைத்து, மக்களின் வாடகைப் பத்திரங்களைப் படித்துச் சொல்லவும் இணையப் பதிவுக்கு உதவவும் ஏற்பாடு செய்யலாம். அறிவிப்புப் பலகையில் அரசின் விண்ணப்பக் கெடுக்களை எழுதிப் போடலாம்.

வழக்கு என்று வந்தால் பணம் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

அடுத்த முறை ஒரு மசோதா பற்றிய செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்தால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நிறைவேறிவிட்டதா? ஒப்புதல் கிடைத்ததா? எந்தத் தேதியில் அமல்? அதற்குள் நம் குடும்பம் செய்ய வேண்டியது என்ன? பதில் தெரிந்த பிறகு பகிருங்கள். படிப்பவருக்கும் அது பயன்படும், இன்ஷா அல்லாஹ்.